பாரிவாக்கத்துக்குப் போகாத ஞாயிறுகள்

என் மகள் எங்கள் வீட்டில் இருந்தவரை, காலையில் நான் வாய் திறந்து பேசும் முதல் பேச்சு ஒரு கேள்விதான். "இப்ப எப்படிமா கீது?" முகம்கூடக் கழுவாமல் அவள் படுத்திருக்கும் மூலைக்குப் போய் நின்று கேட்பேன். அவள் சட்டென்று பதில் சொல்லமாட்டாள். உடம்புக்குள் போய் எதையோ தேடிவிட்டு வருகிறவள் போல முகம் மாறும். பிறகு, "வலிக்குது நைனா" என்பாள். அன்றைய பகல் முழுவதற்கும் வேண்டிய கவலை எனக்கு அதில் கிடைத்துவிடும். அதைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடுவேன்.

எங்கள் வீடு மேனாம்பேட்டில். எனக்குப் பட்டணத்தில் குமாஸ்தா வேலை. அம்பத்தூரில் ரயில் ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவேன். மகளுக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது ஒரு காய்ச்சல் வந்தது. மூட்டுக்கு மூட்டு வீங்கிப் படுக்கையில் கிடந்தாள். காய்ச்சல் விட்டது, வீக்கமும் வடிந்தது. இடது இடுப்பில் ஒரு வலி மட்டும் போகாமல் தங்கிவிட்டது. சில நாள் முழங்கால்வரை இறங்கும். சில நாள் இடுப்போடு நிற்கும். இல்லாத நாள் என்று ஒன்று இல்லை.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் காலை மடக்கினார், நீட்டினார், தட்டினார். "மூட்டில் இப்போது ஒன்றுமில்லை. நடக்க விடுங்கள், ஓட விடுங்கள்" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். திரும்பும் ரயிலில் என் மனைவி வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தாள். "ஒண்ணுமில்லன்னா இன்னா அர்த்தம்? எம் பொண்ணு பொய் சொல்றாளாமா?" எனக்கும் கோபம்தான். பாயிலிருந்து எழுந்து நிற்கும்போது மகளின் மேலுதட்டில் வியர்வை துளிர்ப்பதை நான் தினமும் பார்க்கிறவன். அவள் பொய் சொல்லவில்லை. டாக்டரும் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று.

நான் ஏன் அப்படி ஓயாமல் கேட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இவளுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு மகன் இருந்தான். எட்டு வயது. வாயாடாத பிள்ளை. ஒருநாள் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். "இன்னாடா?" என்றதற்கு, "ஒண்ணுமில்ல நைனா" என்றான். அதற்குமேல் நான் கேட்கவில்லை. ரயிலுக்கு நேரமாகியிருந்தது. அடுத்த நாளும் அவன் ஒன்றும் சொல்லவில்லை, சுருண்டு படுத்திருந்தான். வயிற்றில் என்னவோ புரையோடிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரி வாசல்வரை தூக்கிப்போனோம், அவ்வளவுதான். அந்த "ஒண்ணுமில்ல" என்ற சொல்லை அதற்குப் பிறகு யார் சொன்னாலும் எனக்குத் தாங்காது. மகள் "வலிக்குது" என்று சொல்லும்போது கவலையாக இருக்கும், ஆனால் உள்ளே எங்கோ ஒரு நிம்மதியும் வரும். சொல்லிவிட்டாள். சொல்கிறவரை உயிரோடு இருப்பாள்.

கேட்பது நான் மட்டும் இல்லை. எங்கள் பக்கத்தில் உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போவதை விசாரிக்கப் போவது என்போம். யார் வீட்டிலாவது ஒருவர் படுத்திருந்து நாம் விசாரிக்கப் போகாமல் விட்டால், அதை அடுத்த கல்யாணம்வரை மனதில் வைத்திருப்பார்கள். அதனால் எல்லாரும் வந்தார்கள். ஆளுக்கு இரண்டு பழத்தோடு வந்து, மகளுக்கு எதிரே உட்கார்ந்து, "எப்படி ஆச்சு?" என்று ஆரம்பிப்பார்கள். அவள் காய்ச்சல் வந்த நாளிலிருந்து சொல்ல வேண்டும். எதையாவது விட்டுவிட்டால் என் மனைவி பக்கத்திலிருந்து, "அதுக்கு மின்னாடி கெணத்தாண்ட உக்காந்துட்டியே, அத்த சொல்லு" என்று எடுத்துக்கொடுப்பாள். வந்தவர்கள் இடுப்பை அமுக்கிப் பார்ப்பார்கள். "இங்கயா? இங்கயா? இல்ல, கீழயா?" எழுந்துபோகும்போது, தங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருத்திக்கு இப்படித்தான் ஆரம்பித்துக் கடைசிவரை கால் வராமலே போன கதையை விட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு வருடத்தில் என் மகள் தன் வலியைப் பள்ளிப் பாடம்போலத் தடங்கலில்லாமல் ஒப்பிக்கப் பழகிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பட்டணம் காலியானது. ஜப்பான்காரன் கப்பலில் வருகிறான், குண்டு போடப்போகிறான் என்று பேச்சு. ரயிலில் தொங்கிக்கொண்டும், வண்டியில் அண்டா குண்டாவை ஏற்றிக்கொண்டும் ஜனங்கள் மேற்கே வந்தார்கள். வீடு கிடைக்காதவர்கள் கோவில் மண்டபத்தில் அடுப்பு மூட்டினார்கள். என் மனைவியின் பெரியப்பா குடும்பம், அவர்களோடு ஒட்டிய இன்னொரு குடும்பம், எல்லாரும் எங்கள் இரண்டு அறை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பகலில் வேலை இல்லை. குண்டைப் பற்றிப் பேசுவார்கள். அது அலுத்தால் என் மகளின் இடுப்பைப் பற்றிப் பேசுவார்கள். அவள் புரண்டு படுத்தால் நாலு பேர், "வலிக்குதா?" என்பார்கள். சில நாளில் அவள் பின்கட்டுக்குப் போகவே இரண்டு பக்கமும் ஆள் பிடிக்கும்படி ஆனது.

பாரிவாக்கத்தில் என் தங்கையைக் கொடுத்திருந்தது. பூந்தமல்லிக்குப் பக்கம். அவர்களுக்கு நெல் கொஞ்சம், மல்லித் தோட்டம் கொஞ்சம். ஒருநாள் அவள் வண்டியில் கீரையும் அரிசியும் கொண்டுவந்து இறக்கினாள். உள்ளே கால் வைக்க இடமில்லாததைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"இன்னா அண்ணாத்தே, ஊடா இது, ரயில் பொட்டியா?"

"இன்னா பண்றது. வந்தவங்கள போன்னு சொல்ல முடியுமா?"

"புள்ளய எங்கூட அனுப்பு. ஒரு பாய் போடற எடமாச்சும் மிச்சமாவும்."

அவ்வளவுதான் பேச்சு. இது வைத்தியம் என்று யாரும் நினைக்கவில்லை. ஒரு பாய் போடும் இடத்துக்காகத்தான் என் மகள் அந்த வீட்டைவிட்டுப் போனாள். வண்டி கிளம்பியபோது பக்கத்திலேயே நடந்தேன். "குலுக்குதா கண்ணு? வலிக்குதா?" என்று தெரு திரும்பும்வரை கேட்டுக்கொண்டே போனேன். "வலிக்குது நைனா" என்று தலையாட்டிக்கொண்டே போனாள். கடைசியாக வண்டிக்குள்ளிருந்து என் தங்கையின் குரல் மட்டும் கேட்டது. "அது மாட்டு வண்டி, பல்லக்கு இல்ல. நீ ஊட்டுக்குப் போ."

அடுத்த ஞாயிறு, பச்சிலைத் தைலமும் ஆரஞ்சும் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். ஆவடிப் பக்கம் முழுக்க ராணுவக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. காக்கி லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. ஒவ்வொரு லாரிக்கும் ஓரம் ஒதுங்கி ஒதுங்கி, பாரிவாக்கம் போய்ச்சேர வெயில் ஏறிவிட்டது. தோட்டத்து வேலிக்கு இந்தப் பக்கம் சைக்கிளை நிறுத்தும்போது சிரிப்புச் சத்தம் கேட்டது. பார்த்தால், என் மகள். செடிகளுக்கு நடுவே ஒரு கூடையை இடுப்பில், அதே இடது இடுப்பில், இடுக்கிக்கொண்டு நடக்கிறாள். என் தங்கை மகன் அவளுக்குப் பின்னால் வந்து என்னவோ வம்பு பேசுகிறான்.

"மெதுவா போ, செடிய மிதிச்சா எங்கம்மா ஒன்ன மிதிக்கும்."

"ஒன் வேலையப் பாத்துகினு போ மாமா. ஒங்கூடையில பாதி எலதான் கீது."

அவள் இப்படிப் பேசி நான் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. "கண்ணு!" என்று கூப்பிட்டேன்.

திரும்பினாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, அது நிஜம். ஓடிவரப் போகிறவள் போல ஒரு அடி எடுத்து வைத்தாள். அந்த அடியிலேயே அவள் கை இடுப்புக்குப் போனது. கூடை சரிந்தது. இடது காலை இழுத்துக்கொண்டு, மேனாம்பேட்டில் நடப்பதுபோலவே நடந்து வேலியண்டை வந்து நின்றாள். மேலுதட்டில் வியர்வை.

"எப்படிமா கீது?" என்று நான் கேட்டுவிட்டேன். அதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பேன்?

"வலிக்குது நைனா" என்றாள். அவள் கண் கலங்கியது. சற்றுமுன் சிரித்ததை நான் பார்த்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். "பொய் இல்ல நைனா. இத்தினி நேரம் இவ்ளோ இல்ல. ஒன்னப் பாத்ததும் வந்துடிச்சு."

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது தங்கை ரோடுவரை கூட வந்தாள். சைக்கிளில் ஏறப்போகும்போது, "அண்ணாத்தே, கொஞ்ச நாளு வராதே" என்றாள்.

"எம் பொண்ண நான் பாக்கக்கூடாதா?"

"பாரேன், யாரு வேணான்னா? பாத்துட்டு, சாப்டுட்டு, சும்மா போ. ஒன்னால முடியுமா?"

"அவளுக்கு இன்னா வைத்தியம் பண்ற நீ?"

"நான் ஒரு மண்ணும் பண்ணல. எனக்கு மாடு கீது, பூ கீது, மாமியா கீது. கேட்டுகினு உக்காற ஏது நேரம்? மொத நாளு வலிக்குதுன்னு சொல்லிச்சு. வலிச்சா உக்காந்து பறின்னேன். உக்காந்து பறிச்சுது. அப்பால எழுந்து பறிச்சுது. அவ்ளோதான்."

எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது. கேட்கக்கூட நேரமில்லாத வீட்டில் என் மகளை விட்டிருக்கிறேனே என்று வந்தது. அடுத்த ஞாயிறும் போனேன். கேட்பதில்லை என்று வழியெல்லாம் உறுதி செய்துகொண்டு போனேன். கேட்கவும் இல்லை. ஆனால் அவள் எழுந்தபோது இடுப்பைப் பார்த்தேன், உட்கார்ந்தபோது காலைப் பார்த்தேன். மாலைக்குள் அவள் பாயில் சாய்ந்துவிட்டாள். "நீ வாயால கேக்கல நைனா. ஒன் மூஞ்சி கேக்குது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் அன்று திரும்பும்போது ஆவடி தாண்டும்வரை சைக்கிளை ஓட்டவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தேன்.

அதற்குப் பிறகு போகவில்லை.

போகாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. வீடு நிறைய ஆள். ஆனால் அவள் படுத்திருந்த மூலையில் யாரோ ஒருவருடைய டிரங்குப்பெட்டி. காலையில் எழுந்ததும் கால் தானாக அங்கே போகும். பெட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் என் பிடரியில் ஒரு இறுக்கம் ஆரம்பிக்கும். கழுத்துக்குள் யாரோ கயிறு முறுக்குவதுபோல. மத்தியானத்துக்குள் தலை முழுக்க ஏறிவிடும். திங்கட்கிழமை ரயில் ஏறியதும் குறையும். இதைச் சொன்னபோது என் மனைவி முறத்தைத் தட்டிக்கொண்டே, "கேக்காத கேள்வியெல்லாம் கழுத்துல போயி உக்காந்துகினு கீது" என்றாள். அவளுக்கு ஏக்கம் இல்லாமல் இல்லை. அவள் தன் ஏக்கத்தைப் புளியில் கொட்டை எடுத்தும், சட்டியைத் தேய்த்தும் தீர்த்துக்கொண்டாள். எனக்கு அது வரவில்லை.

அந்த இறுக்கத்தோடு ஒரு ஞாயிறு விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனேன். பாரிவாக்கத்துக்குப் போகவில்லை, பூந்தமல்லிக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைத்தெருவில் மொத்தப் பூ வாங்கி விற்கும் பாய் ஒருவர் இருந்தார். தங்கை வீட்டுப் பூ அவரிடம்தான் இறங்கும் என்று எனக்குத் தெரியும். ஈரத் துணி போட்ட கூடைகள் வரிசையாக இருந்தன.

"பாரிவாக்கத்துப் பூ எதுங்க பாய்?"

"பூவுக்கு ஊரு கேக்குற ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்று சிரித்தார். ஒரு கூடையைக் காட்டினார். "இது. ஆனா சார், இத்த வாணாம். யாரோ புதுக் கை. காம்ப ஒட்டக் கிள்ளுது. நாரு எங்க மாட்டும்? கட்டறவளுங்க எங்கிட்ட சண்டைக்கு வராளுங்க."

குனிந்து பார்த்தேன். மொட்டுகளின் காம்பு நகத்தளவுகூட இல்லை. என் மகள் கீரை கிள்ளினாலும் அப்படித்தான், ஒட்டக் கிள்ளுவாள். அவள் அம்மா அதற்காகத் திட்டியிருக்கிறாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தக் கூடையிலிருந்தே ஒரு படி மொட்டு வாங்கினேன். "இன்னா சார், வாணாம்னு சொல்றேன், கேட்டு வாங்கினு போறியே!" என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார். வீட்டில் மனைவி அதைக் கட்ட முடியாமல் ஊசியில் கோத்தாள். கோக்கும்போது அவளும் கண்டுபிடித்துவிட்டாள். கொஞ்சம் தலையில் வைத்துக்கொண்டு, மீதியைச் சாமி படத்துக்குப் போட்டாள்.

பிறகு ஞாயிறுதோறும் அதுவே எனக்கு மருந்தாயிற்று. குட்டைக் காம்பு இருந்தால் அவள் எழுந்து நடக்கிறாள் என்று அர்த்தம். பாய் திட்டத் திட்ட எனக்குப் பிடரி இளகும். வேறு யாரும் தன் பிள்ளையைத் திட்டுவதைக் கேட்க அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்திருக்கமாட்டார்கள்.

ஒரு ஞாயிறு பாய் திட்டவில்லை. "இந்த வாரம் நல்லா கீது சார் ஒங்க பாரிவாக்கம்" என்றார். கூடையில் கை விட்டுப் பார்த்தேன். எல்லா மொட்டும் சரியான காம்போடு இருந்தது. ஒன்றுகூட ஒட்டக் கிள்ளியது இல்லை. அவள் பறிக்கவில்லை. படுத்துவிட்டாள். சொல்லி அனுப்பினால் நான் வந்து நிற்பேன் என்று தங்கை சொல்லாமல் இருக்கிறாள். "ஒண்ணுமில்ல நைனா" என்ற அந்தக் குரல் எனக்குள் கேட்டது. பூவும் வாங்காமல் சைக்கிளைப் பாரிவாக்கத்துப் பக்கம் திருப்பினேன்.

கிளைப்பாதை பிரியும் இடத்தில் ராணுவ லாரி ஒன்று பழுதாகி நின்றிருந்தது. அதைத் தாண்டப் போகும்போது எதிரே ஒரு மாட்டு வண்டி வருவது தெரிந்தது. தங்கை புருஷனுடைய வண்டி. அந்தக் கொம்பு வளைந்த மாட்டைத் தெரியாதா எனக்கு? இரண்டாவது நடைக்குப் பூ ஏற்றிக்கொண்டு வருகிறார். கூடைகளுக்கு நடுவே, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் மகள்.

ஏன் என்று தெரியவில்லை, லாரிக்குப் பின்னால் போய் நின்றேன். சைக்கிளையும் இழுத்துக்கொண்டு.

வண்டி என்னிடமிருந்து ஒரு முழ தூரத்தில் போயிற்று. அவள் கூடையிலிருந்து ஒரு மொட்டை எடுத்து அவரிடம் காட்டி, "பாத்தியா மாமா, இப்ப எவனாச்சும் காம்பு இல்லன்னு சொல்லட்டும்" என்று சொல்லிக்கொண்டு போனாள். கறுத்திருந்தாள். முகம் கொஞ்சம் பெருத்திருந்தது. பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது பக்கத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். வலிதான், எனக்குத் தெரியாதா. பிறகு கையை விட்டுவிட்டு மறுபடியும் பேசத் தொடங்கினாள். ஒரு குரல் கொடுத்தால் திரும்பியிருப்பாள். கொடுக்கவில்லை. அவளுடைய எண்ணெய் வாசமும் மல்லி வாசமும் புழுதியும் சேர்ந்து கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. லாரிக்கு அடியில் படுத்து ஸ்பானரால் எதையோ திருகிக்கொண்டிருந்த சிப்பாய் தலையை வெளியே நீட்டி, வளர்ந்த ஆள் ஒருவன் லாரியில் சாய்ந்து அழுவதைப் பார்த்துவிட்டு, மறுபடியும் உள்ளே போய்விட்டான்.

குண்டு விழவில்லை. மாதங்கள் போனபின் பட்டணத்துக்காரர்கள் பட்டணத்துக்குத் திரும்பினார்கள். டிரங்குப்பெட்டியும் போயிற்று. மூலை காலியானது. அவளைக் கூட்டிவரலாம் என்று மனைவி சொன்னபோது, நாங்கள் இருவருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பொங்கலுக்கு வந்தாள், இரண்டு நாள் இருந்தாள். இரண்டாம் நாளே அம்பத்தூரெல்லாம் விசாரிக்க வந்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். நானே வண்டி பேசி அனுப்பினேன்.

பிறகு அவள் அங்கேயே வளர்ந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். தங்கை மகனுக்கே அவளைக் கொடுத்தோம். முறை மாப்பிள்ளைதான், யாரும் ஆச்சரியப்படவில்லை. கல்யாணத்தன்று மணவறையில் நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தபோது அவள் கை இடுப்புக்குப் போவதைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை. தன் தோளைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தான். அவள் அதைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடியே இறங்கினாள். அது எப்படி அவனுக்குத் தெரிந்தது? எனக்கு ஏன் தெரியவில்லை?

வலி அவளைவிட்டுப் போய்விடவில்லை. அதை அவள் வாயாலேயே ஒருமுறை கேட்டேன். நான் கேட்கவில்லை, வேறு ஏதோ பேச்சில் அவளே சொன்னாள். "இப்பவும் கீது நைனா. அங்க நானும் அதும்தான். மேனாம்பேட்டுல அதுகூட நீங்க எல்லாரும் இருந்தீங்க. அவ்ளோ பேர என்னால தூக்க முடியல."

போன ஐப்பசியில் அவளுக்கு வளைகாப்பு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை. எனக்கு அவள் வரவேண்டும் என்று ஏங்கிய ஏக்கம் ஒரு பக்கம், வந்தால் பழைய மூலையில் பழைய மாதிரி விழுந்துவிடுவாளோ என்ற பயம் ஒரு பக்கம். தங்கையும் அதே பயத்தில் இருந்தாள் என்பது அவள் பேசாமல் வெற்றிலை மடித்த வேகத்தில் தெரிந்தது. வளையல் அடுக்கிய கையோடு மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நான் வரேன் நைனா. ஆனா ஒண்ணு."

"தெரியும்மா."

"நீ கேக்கக்கூடாது. மூஞ்சியாலயும் கேக்கக்கூடாது. வர்றவங்கள அம்மா வாசல்லயே காப்பி குட்த்து அனுப்பிடணும்."

"நீ சொல்லாம இருந்துட்டியானா?" என்று கேட்டுவிட்டேன். அவளுக்கு அண்ணனைப் பற்றித் தெரியும்; அவள் பார்த்ததில்லை, கேட்டிருக்கிறாள்.

"நான் அவன் இல்ல நைனா. நான் வாயாடி. சொல்லணும்னா சொல்லுவேன்."

வந்தாள். கார்த்திகை, மார்கழி இரண்டும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலையில் எழுந்ததும் வாய்வரை வரும் கேள்வியை விழுங்கிவிட்டு, "இன்னிக்கு தண்ணி நல்லா ஊறியிருக்கா?" என்று கிணற்றைப் பற்றிக் கேட்பேன். மாலையில் ரயில் இறங்கி வந்ததும், "பசு கறந்துதா?" என்பேன். சில நாளில் மனைவியும் மகளும் நான் வாயைத் திறக்கும்போதே, "தண்ணி ஊறிச்சு, பசு கறந்துது" என்று சேர்ந்து சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார்கள். முகத்துக்கு என்ன செய்வது? செய்தித்தாளைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ரேஷனைப் பற்றியும் வெள்ளைக்காரன் போவானா மாட்டானா என்பதைப் பற்றியும் அந்த இரண்டு மாதத்தில் நான் படித்ததுபோல் என் ஆயுளில் படித்ததில்லை. விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் வாசலோடு போனதில் கோபமாக இருக்கிறார்கள். இருக்கட்டும்.

தையில் ஒரு ஞாயிறு மத்தியானம். மனைவி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். கூடத்தில் ஒரு கூடை மொச்சையைக் கொட்டிக்கொண்டு நான் உரித்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையும் முகத்தை மறைக்கப் பழகியதுதான். மகள் மெதுவாக வந்து எதிரே காலை நீட்டி உட்கார்ந்து தானும் உரிக்க ஆரம்பித்தாள். பிறகு அவள், நான் கேட்காமலே, தலை நிமிராமலே சொன்னாள்:

"நைனா, வலிக்குது."

என் கை நின்றது. பழைய ஆள் உள்ளே எழுந்து நின்றுவிட்டான். எங்கே, எவ்வளவு, எப்போதிலிருந்து என்று அவன் வாயில் அத்தனையும் இருந்தது. அவனைப் பிடித்து உட்காரவைத்தேன். "அப்படியா" என்று மட்டும் சொன்னேன். அடுத்த மொச்சையை எடுத்தேன். அந்த ஒரு சொல்லை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டேனே என்று எனக்கே பெருமையாக இருந்தது. அவள் கேட்காமல் சொன்னாளே என்பது அதைவிடப் பெரிதாக இருந்தது. மொச்சை கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை.

"நைனா."

"ம்?"

"அப்படியான்னா இன்னா அர்த்தம்? இது அந்த வலி இல்ல. வயித்து வலி. எழுந்து போயி மருத்துவச்சியக் கூட்டிகினு வா. அம்மாவயும் கூப்புடு. ஓடு!"

கூடையை உதைத்துக்கொண்டு எழுந்தேன். மொச்சை கூடம் முழுக்கச் சிதறியது. சட்டை போட மறந்துவிட்டேன். செருப்பு ஒன்றுதான் அகப்பட்டது. சைக்கிளில் ஏறும்போது பின்னால் அவள் குரல் கேட்டது. வலியில் இழுத்து இழுத்துச் சிரிக்கிறாள். "ஐயோ நைனா, மொச்சைய மிதிச்சிட்டியே!"

ஆண் குழந்தை. நல்லபடியாக இருக்கிறார்கள் இருவரும். இதை எழுதும் இப்போது பேரன் தொட்டிலில் தூங்குகிறான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இடது காலை ஒரு பலகைமேல் வைத்துக்கொண்டு, துணி மடிக்கிறாள். ஏன் காலைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். செய்தித்தாள் என் மடியில் இருக்கிறது.

மாதம் பிறந்தால் பாரிவாக்கத்திலிருந்து வண்டி வரும். மல்லி பூக்கும் காலம் ஆரம்பித்துவிடும், கை வேண்டும் அவர்களுக்கு. வண்டிகூட நடந்து தெரு திரும்பும்வரை போவேன். அதை யாரும் தடுக்க முடியாது. குலுக்குதா என்று கேட்கமாட்டேன். அதற்கடுத்த ஞாயிறு விடிவதற்குள் பூந்தமல்லியில் பாயின் கூடைகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பேன். எல்லா மொட்டும் சரியான காம்போடுதான் இருக்கும். இருந்தாலும் குனிந்து, ஒட்டக் கிள்ளியது ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுவேன்.